வந்தாறுமூலையில் முதல் வருசம்: விரிவுரைக்கு வெளியே இயற்கையை எப்படிப் படிக்கலாம்?

புதுக்கொப்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். உயிரியல் விஞ்ஞானத்துக்கு கிழக்குப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலை கிடைச்சிருக்கு. விரிவுரை, செய்முறை எல்லாம் அதன்பாட்டில் நடக்கும். நான் கேட்பது அதுக்கு வெளியே உள்ள விசயம். வளவுக்குள்ள மரமும் பற்றையும், சுற்றிவர வயல், பஸ் ஏறினால் வாவி. இதையெல்லாம் சும்மா பார்த்துவிட்டுப் போகாமல் ஒழுங்காகப் படிக்க ஆசை.

கையில் இருப்பது ஒரு சாதாரண போனும் கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாவும். கெமரா, பைனாகுலர் ஒன்றும் இல்லை. எதில் தொடங்கலாம்? எந்தப் பிழைகளைத் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம்? செடி, பூச்சி சேகரிக்க அனுமதி வேணுமா? இதெல்லாம் பிறகு இறுதிவருட ஆய்வுக்கு உதவுமா, இல்லை வெறும் பொழுதுபோக்கா? பாம்பைப் பற்றியும் சொல்லுங்கோ, வீட்டில் அதுதான் பெரிய பயம்.

---

நீர்க்காகம் எழுதியது:

தங்கச்சி, அந்தப் பத்தாயிரத்தை இப்போதைக்குத் தொடாதீங்க. முதல் மூன்று மாதத்துக்கு ஒரு கொப்பி, ஒரு பென்சில், கைக்கடிகாரம் போதும்.

பறவையில் தொடங்குங்க. பிடிக்கத் தேவையில்லை, வெட்டத் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை. ஆனால் "நடந்தேன், கண்டேன்" என்று எழுதினால் அது நாட்குறிப்பு, தரவு இல்லை. வளவுக்குள்ள ஐந்தாறு இடத்தை நிரந்தரமாகத் தெரிவு செய்யுங்க. ஒன்றுக்கொன்று 200 மீற்றராவது இடைவெளி வேணும், இல்லாவிட்டால் ஒரே மைனாவை இரண்டு தரம் எண்ணுவீங்க. சூரியன் உதித்து அரை மணித்தியாலத்துக்குள் தொடங்குங்க. எங்கட பக்கம் உதயம் வருசம் முழுக்க 5.45க்கும் 6.25க்கும் இடையில்தான், எட்டு மணி விரிவுரைக்குத் தாராளமாகப் போய்ச் சேரலாம். ஒவ்வொரு இடத்திலும் போய் நின்று இரண்டு நிமிசம் சும்மா இருங்க, உங்கட நடமாட்டத்துக்குக் கலைந்தவை திரும்பி அமரட்டும். பிறகு பத்தே பத்து நிமிசம். பதினோராவது நிமிசத்தில் மயில் வந்து ஆடினாலும் அது கணக்கில் இல்லை.

எழுதும்போது "நிறைய", "கூட்டம்" என்று எழுதாதீங்க, எண் எழுதுங்க. 30 மீற்றருக்குள் கண்டதையும் அதற்கு அப்பால் கண்டதையும் பிரியுங்க, தலைக்கு மேலால் பறந்து போனதைத் தனி நிரலில் போடுங்க. ஒன்றும் காணாத நாள் பூச்சியம் என்று எழுதப்பட வேணும். அநேகர் பூச்சியத்தை எழுதாமல் விடுவதால்தான் பிறகு அந்த நாள் போகவில்லையா, போய்க் காணவில்லையா என்று தெரியாமல் முழிப்பார்கள்.

இன்னொன்று, இது வயல் நாட்டுக்கே உரிய பொறி. பெரும்போகத்துக்கு உழவு தொடங்கினால் டிராக்டருக்குப் பின்னால் நூறு கொக்கு இறங்கும். கொப்பியைப் பார்த்தால் ஒக்டோபரில் கொக்கு பெருகினது மாதிரித் தெரியும். பெருகினது கொக்கு இல்லை, மண் பிரண்டு புழு மேலே வந்தது. அதனால் பக்கத்து வயலின் நிலையை ஒவ்வொரு தரமும் ஒரு சொல்லில் குறிச்சு வையுங்க: தரிசு, உழவு, தண்ணீர் நிற்குது, பயிர், கதிர், அறுவடை. இந்த ஒரு நிரல் இல்லாமல் மட்டக்களப்பில் எடுத்த பறவைக் கணக்கு பாதிக்கணக்குத்தான்.

வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒன்றில்லை. அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. கட்டை மஞ்சள் அலகு, தாடை தடித்து மாட்டோடு திரிந்தால் மாட்டுக்கொக்கு (உண்ணிக்கொக்கு என்றும் சொல்லுவார்கள்). பெரிய கொக்கையும் இடைக் கொக்கையும் உயரத்தை வைத்துப் பிரிக்காதீங்க, தனியாக நிற்கும்போது ஏமாற்றும். வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் இடைக் கொக்கு.

வலசைப் பறவைகள் செப்டெம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை இருக்கும். அதற்கு முன்னமே ஊரில் நிரந்தரமாக உள்ளவற்றைப் பழகினால் புதிது வந்ததும் கண் சொல்லும். ஈபேர்டில் (பறவைக் கணக்குப் பதிகிற இணையத்தளம்) பதியும்போது "இனங்கண்ட எல்லாவற்றையும் பதிந்தேன்" என்ற கேள்விக்கு உண்மையாகவே எல்லாம் பதிந்திருந்தால் மட்டும் ஆம் போடுங்க. அழகானதை மட்டும் பதிந்துவிட்டு ஆம் போட்டால், காகமே இல்லாத ஊராகிவிடும்.

பைனாகுலர் பிறகு வாங்கினால் 8x42. 10x வாங்கினால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், ஆனால் கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். 42ஐ 8ஆல் பிரித்தால் 5.25 மி.மீ. அகல ஒளிவட்டம் கண்ணுக்கு வரும், விடியற்கால மங்கலுக்கு அது காணும். சந்தையில் விற்கிற "50 மடங்கு" சீனச் சாமானுக்குக் காசு கொடுக்காதீங்க.

---

கண்ணாக்காடு எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்பாடு, ஆனால் பறவை பறந்து போயிடும், மரம் நிற்கும். தொடங்குகிறவருக்கு மரம்தான் லேசு என்பது என் பக்கம். வளவுக்குள்ள முப்பது மரத்தைத் தெரிவு செய்து இலக்கம் கொடுத்து, மாதம் ஒரு தரம் தளிர், பூ, காய், இலையுதிர்வு எது எந்த அளவில் என்று 0, 1, 2, 3 என்று குறிச்சால், ஒரு வருசத்தில் பூக்கும் கால அட்டவணை ஒன்று கையில் இருக்கும். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், இலக்கத்தைப் போன் வரைபடத்தில் போட்டால் போதும்.

ஐநேச்சுரலிஸ்ட் (செடி, உயிரினப் படங்களைப் பதிகிற செயலி) பாவிக்கிறவர்கள் கம்பஸில் விடுகிற பெரிய பிழை: நட்டு வளர்த்த மரத்தைக் காட்டு மரமாகப் பதிவது. பாதையோர வாகை, நிழலுக்கு வைத்த வேம்பு எல்லாவற்றையும் "வளர்க்கப்பட்டது" என்று குறிக்க வேணும். அதைக் குறித்தால் அந்தப் பதிவு ஆய்வுத் தரத்துக்குப் போகாது, அதுதான் சரி. தானாக முளைத்தது எது, நட்டது எது என்று பிரிப்பதே ஒரு பாடம். வளவில் பாலை, வீரை, முதிரை என்று ஏதும் கண்டால் அதன் கீழ் கன்று முளைக்குதா என்று பாருங்க. மரத்தின் வயதை ஊகிக்கிற ஆசை வந்தால் 1978 நவம்பர் 23 சூறாவளியை மறக்க வேண்டாம். அது மட்டக்களப்பில் சாய்த்த மரத்துக்குக் கணக்கில்லை.

செடியைப் படம் எடுத்தால் பூவை மட்டும் எடுக்காதீங்க. இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், தண்டில் இலை எதிரெதிராகவா மாறி மாறியா இருக்குது, பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய், பட்டை: ஒரு செடிக்கு ஆறு படம். பூவின் முகத்தை மட்டும் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் யாராலும் சொல்ல ஏலாது.

உலர்த்தி வைக்கிறதென்றால் பத்திரிகைத் தாள், காட்போட் அட்டை, மேலே பாரம். தாளை முதல் நாளே மாற்ற வேணும், பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கிழமைக்கு. மாரியில், முக்கியமாக நவம்பர் டிசம்பரில், இது பூஞ்சணம் பிடித்து நாறும். ஒரு பெட்டிக்குள் பழைய இழை பல்பு ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஒரு சாண் உயரத்தில் அட்டைக் கட்டை நிறுத்தி வையுங்க, சூட்டுக்காற்று அட்டை இடுக்கால் மேலே போகட்டும். எல்இடி பல்பு சுடாது, அது உதவாது. ஆளில்லாத அறையில் எரிய விட்டுப் போகவும் கூடாது. கண்டல் இலை மாதிரித் தடித்த இலை, அழுத்தினாலும் உயிரோடு இருந்து பிறகு கழன்று விழும். கொதிநீரில் சில விநாடி முக்கி எடுத்து, ஒற்றிவிட்டு அழுத்தினால் நிற்கும். பூவின் நிறம், மணம், மரத்தின் உயரம், பால் வடிகிறதா என்பதெல்லாம் காய்ந்த பிறகு தெரியாது. பறிக்கிற இடத்திலேயே எழுதுங்க.

பால் என்றதும் ஞாபகம்: வாவிக்கரையில் தில்லை மரம் பார்த்தால் ஒடிக்காதீங்க. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை மறைகிற அளவுக்கு எரியும், தோல் கொப்பளிக்கும். பட்டால் உடனே நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிசம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.

கண்டல் காட்டில் அளவெடுக்கும் நாள் வந்தால் 10க்கு 10 மீற்றர் சதுரம், அதற்குள் கன்றுக்கு 1க்கு 1 மீற்றர். மரத்தின் சுற்றளவை நிலத்தில் இருந்து 1.3 மீற்றரில் எடுத்து 3.14ஆல் பிரித்தால் விட்டம். ஆனால் தாங்குவேர் விட்ட கண்டலுக்கு இந்த 1.3 சரிவராது, அந்த உயரத்தில் நாடா சுற்றுவது வேரைத்தான். ஆக மேலே உள்ள வேர் புறப்படுகிற இடத்துக்கு 30 செ.மீ. மேலே அளக்க வேணும். கண்ணா என்கிற கண்டல் மரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் மூச்சுவேர் பென்சில் மாதிரிச் சேற்றுக்கு மேலே குத்திட்டு நிற்கும், மரத்தடி வெறுமையாக இருக்கும். இலையின் கீழ்ப்பக்கம் சாம்பல் வெள்ளை, மேலே நக்கிப் பார்த்தால் உப்பு. ஊர்ப்பெயரை எழுதுங்க, ஆனால் அதை மட்டும் நம்பாதீங்க. ஒரு ஊரில் கண்ணா என்பது பக்கத்து ஊரில் வேறு மரமாக இருக்கும்.

---

துடுப்போசை எழுதியது:

வாவியைப் பற்றி ஒருத்தரும் விரிவாகச் சொல்லவில்லை. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம், பாலமீன்மடு முகத்துவாரத்தாலும் கல்லாற்றுப் பக்கத்தாலும் கடலோடு சேரும். கோடையில் மணல் திட்டு அடைக்கும், மாரி வெள்ளத்தில் திறக்கும் அல்லது வெட்டித் திறப்பார்கள். ஆகவே ஒரே இடத்தில் நின்று வருசம் முழுக்க உப்பை அளந்தாலே பெரிய கதை வெளிவரும். கையடக்க ரிஃப்ராக்டோமீற்றர் (ஒரு துளித் தண்ணீரில் உப்பின் அளவைக் காட்டும் கருவி) ஒன்று போதும், ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு என்று 0 தொடக்கம் 100 வரை காட்டுவது, துறையிலேயே இரவல் கிடைக்கலாம். ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடித்த நீரில் பூச்சியத்துக்குக் கொண்டு வந்துவிட்டுத்தான் அளக்க வேணும். கடல் நீர் 35 பக்கம் காட்டும்.

விடுகிற பிழை: மேல் தண்ணீரை மட்டும் அள்ளுவது. வெள்ள காலத்தில் நன்னீர் இலேசு, மேலால் ஓடும். உப்பு நீர் கீழே கிடக்கும். ஒரு போத்தலில் கல்லுக்கட்டி, கோர்க்கில் தனிக்கயிறு கட்டி, ஒரு மீற்றர் ஆழத்தில் கோர்க்கை இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் நிரம்பும். மேலே 4, கீழே 22 என்று வந்தால் பிழை என்று நினைச்சு அழிக்காதீங்க, அதுதான் கண்டுபிடிப்பு.

இனி பாடும் மீன், அதாவது வாவித் தண்ணீருக்குள் கேட்கிறது என்று ஊரில் சொல்லுகிற பாட்டுச் சத்தம். கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது பழைய முறை. பௌதிகமும் உயிரியலும் சேர்ந்த பொடியன் பெட்டைகள் இரண்டு பேர் சேர்ந்தால், இதை அளக்கக்கூடிய கருவியாக்கலாம், செலவும் குறைவு. 27 மி.மீ. பியசோ தட்டு (அதிர்வை மின்னாக மாற்றுவது) ஒன்று, கவசமிட்ட மைக் வயர் ஐந்து மீற்றர், எப்பொக்சி பசை. தட்டில் வயரைப் பற்றாசு வைத்து, எப்பொக்சியில் இரண்டு தரம் முக்கிக் காயவிட்டு, உப்புத் தண்ணீர் வாளியில் ஓரிரவு வையுங்க. காலையில் இரைச்சல் கூடியிருந்தால் எங்கேயோ தண்ணீர் போயிருக்கு.

இங்கேதான் எல்லாரும் சறுக்குவது: அதை நேரே போனில் குத்துவார்கள், கிறீச் என்ற சத்தம் மட்டும் வரும். தட்டின் கொள்ளளவம் 20 நானோபரட் அளவில் என்று வைப்போம், போனின் மைக் உள்ளீட்டுத் தடை இரண்டாயிரம் ஓம் என்று வைப்போம். கணக்குப் போட்டால் 4 கிலோஹேட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் அமுங்கிப் போகுது. மீன் எழுப்பும் ஒலி அநேகமாக 100 தொடக்கம் 1000 ஹேட்ஸுக்குள். தேடுகிறதையே வடிகட்டி வெளியே விட்ட மாதிரி. ஒரு மெகாஓம் உள்ளீட்டுத் தடை உள்ள சின்ன முன்பெருக்கி இடையில் போட்டால் எல்லை 8 ஹேட்ஸுக்கு இறங்கும், பிரச்சினை முடிஞ்சுது.

பதிவை வேவ் கோப்பாக எடுங்க, எம்பி3 வேண்டாம். பாலத்தில் இருந்தே தொங்கவிட்டால் வாகன இரைச்சல் தூண் வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும், அதனால் பாலத்துக்குத் தள்ளித் தோணியில் இருந்து எடுக்க வேணும். வயரை ஒரு இரப்பர் நாடாவில் தொங்கவிடுங்க, இல்லாவிட்டால் அலை தட்டுவது எல்லாம் "பாட்டு" ஆகிவிடும். எண்ணெய் பொரிகிற மாதிரிப் படபடவென்று கேட்பது பெரும்பாலும் சொடுக்கு இறால், அதை மீன் என்று எழுதாதீங்க. பூரணைக்கு மட்டும் போய் எடுத்தால் நிலவுக்கும் பாட்டுக்கும் தொடர்பு உண்டென்று நிரூபிக்க ஏலாது, அமாவாசைக்கும் அதே மணிக்கு அதே இடத்தில் பத்து நிமிசம் எடுக்க வேணும். ஓடசிற்றி என்ற ஒலி மென்பொருளில் அதிர்வெண் படமாக்கிப் பார்த்தால் கண்ணாலேயே பிரிக்கலாம். இரவில் தோணி என்றால் வாவியில் தொழில் செய்கிற ஒருத்தரோடும், மிதவை அங்கியோடும்தான்.

---

புதுக்கொப்பி எழுதியது:

நன்றி அண்ணா, அக்கா எல்லாருக்கும். சொடுக்கு இறால் விசயம் கேள்விப்படவே இல்லை. ஆனால் பாம்பும் அனுமதியும் இன்னும் பாக்கி. பிறகு என்ர கூட்டாளி ஒருத்திக்கு தென்கிழக்குப் பல்கலைக்கழகம், சம்மாந்துறைப் பீடம். அவவும் சேர்ந்து ஏதாவது செய்யலாமா?

---

ஒலுவில் கரை எழுதியது:

கூட்டாளிக்கு நல்ல வேலை இருக்கு தங்கச்சி. சம்மாந்துறையில் இருந்து ஒலுவில் தூரமில்லை. 2013இல் துறைமுகம் திறந்த இடம், அதற்கு வடக்கே கரை அரிபடுவது ஊரறிந்த விசயம். பேச்சாகப் பேசாமல் அளவாக வைக்க இரண்டு தடி போதும். 1.5 மீற்றர் நீளத் தடி இரண்டு, இரண்டிலும் மேலிருந்து கீழாகச் சென்ரிமீற்றர் குறி. கடலை நோக்கி ஒன்று, கரைப்பக்கம் ஒன்று, இடையில் இரண்டு மீற்றர் கயிறு. கரைத்தடிக்குப் பின்னால் நின்று கடல்தடியின் உச்சியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் பாருங்க. அந்தக் கோடு கரைத்தடியில் எந்தக் குறியை வெட்டுதோ அவ்வளவு சென்ரிமீற்றர் நிலம் இறங்கியிருக்கு. மேட்டில் ஏறினால் மறுபக்கம்: கரைத்தடி உச்சியை அடிவானத்தோடு சேர்த்துக் கடல்தடியில் வாசிக்க வேணும். இப்படி இரண்டு இரண்டு மீற்றராகத் தண்ணீர் விளிம்பு வரை.

தொடக்கப்புள்ளி அசையாததாக இருக்கட்டும், தென்னை மரம் வேண்டாம், அது ஒரு நாள் கடலுக்குப் போயிடும். வீதியோரக் கொங்கிறீட்டில் பெயின்ற் அடையாளம் வையுங்க. தடி மணலில் புதைந்தால் எல்லா அளவும் பிழைக்கும், அடியில் ஒரு பலகைத்துண்டு அடிச்சு விடுங்க. மாதம் ஒரு தரம், வற்றின நேரத்தில்.

பாம்பு: மணல் கரையிலும் வறண்ட பற்றையிலும் சுருட்டை விரியன், சின்னது, இரவில் நடமாடும், மிதிச்சாலோ கிட்டப்போய்த் தொந்தரவு செய்தாலோ கடிக்கும். வயலில் புடையன், அறுவடைக் காலத்தில் கவனம். மூடின சப்பாத்து, நீளக் காற்சட்டை, இருட்டில் டோர்ச், பற்றைக்குள் கை விடுவதற்கு முன் தடி. கடிச்சால் வெட்டாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, உறிஞ்சாதீங்க. கையைக் காலை அசைக்காமல் வைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுத்து அரச ஆஸ்பத்திரிக்கு. பாம்பை அடிச்சுக் கொண்டு போகத் தேவையில்லை. வயல் தண்ணீரில் அடிக்கடி இறங்கினால் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்க, காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

ஒலுவில், சம்மாந்துறைப் பக்கத்தில் பாம்பைவிட யானைதான் கவனிக்க வேண்டியது. அஷ்ரப் நகர்ப் பக்கம் குப்பை கொட்டுகிற இடத்துக்கு யானை வருவது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் விடிய முன்னும் பொழுதுபட்ட பிறகும் பறவை எண்ணப் போக வேண்டாம். "விடியற்காலை எண்ணு" என்று மேலே நீர்க்காகம் சொன்னது கம்பஸ் வளவுக்குச் சரி, வயல்வெளிக்கு நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான்.

---

பழைய பெட்டகம் எழுதியது:

அனுமதி பற்றி. பார்க்க, எண்ண, படமெடுக்க, பொது இடத்தில் கடிதம் தேவையில்லை. பிடிக்க, வலை போட, முட்டை தொட, மாதிரி எடுக்க என்று வந்தால் 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேணும். காட்டு நிலமும் கண்டலும் என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். விண்ணப்பம் மாணவர் பெயரில் நேரே போகாது. மேற்பார்வையாளர், துறைத்தலைவர் வழியாகத்தான். மாதக்கணக்கில் இழுபடும் என்று எடுத்துக்கொண்டு, தலைப்பு முடிவான கிழமையே எழுதுங்க. வளவுக்குள் செடி பறிப்பதற்கும் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.

இறுதிவருடத்துக்கு உதவுமா என்றால், உதவும், ஆனால் அநேகர் நினைக்கிற மாதிரி இல்லை. முதல் வருசம் எடுத்த தரவை அப்படியே ஆய்வறிக்கையாக்க ஏலாது, கேள்வி பிறகுதான் வரும். உதவுவது எதில் என்றால், ஆய்வுக்காலம் சில மாதம்தான், அது மாரிக்குள் விழுந்தால் மாரியை மட்டும்தான் காண்பீங்க. கையில் இரண்டு வருசப் பூச்சியங்களும் எண்களும் இருந்தால் அந்தச் சில மாதத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரியும். மேற்பார்வையாளரிடம் "எனக்கு இயற்கை பிடிக்கும்" என்று போவதைவிட 24 மாத அட்டவணையோடு போனால் பேச்சே வேறு. போகுமுன் நூலகத்தில் பழைய ஆய்வறிக்கைகளை வாசியுங்க. முடிவுரையை விட்டுவிட்டு, முறையியலும் பின்னிணைப்பும் பாருங்க. அவர்கள் நின்ற அதே இடத்தில் நீங்கள் நின்று எண்ணினால் ஒப்பீடு சும்மா கிடைக்கும்.

அட்டவணை பற்றி ஒரு சொல். ஒரு வரிக்கு ஒரு பறவை இனம், ஒரு நிரலுக்கு ஒரு விசயம். திகதியை 2025-10-04 என்ற ஒழுங்கில் எழுதுங்க, 04/10 என்றால் ஏப்ரலா ஒக்டோபரா என்று எக்செல் தன்பாட்டில் முடிவெடுக்கும். "5-6" என்று எண் இடத்தில் எழுதினால் அதையும் திகதியாக்கிவிடும். நிறம் பூசி அர்த்தம் வைக்காதீங்க, ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளுக்கு மஞ்சள் தெரியாது. வெளியே எழுதின கொப்பியை அன்று பின்னேரமே கணினியில் ஏற்றுங்க, மூன்று நாள் போனால் உங்கட எழுத்து உங்களுக்கே விளங்காது. கொப்பியையும் எறியாதீங்க.

மேலே நாலு பேர் நாலு வேலை சொல்லியிருக்கிறம். எல்லாவற்றையும் எடுத்தால் டிசம்பருக்குள் எல்லாம் நின்று போகும். கிழமைக்கு ஒரு விடியல் பறவை, மாதத்துக்கு ஒரு பின்னேரம் அந்த முப்பது மரம். வாவிச் சத்தத்தை இரண்டாம் வருசத்துக்கு விடுங்க, அதற்குள் பௌதிகத் துறையில் பற்றாசு வைக்கத் தெரிந்த ஆள் ஒருத்தரைப் பிடிச்சிடலாம்.

---

புதுக்கொப்பி எழுதியது:

சரி. ஐந்து இடம் குறிச்சிட்டன், வரைபடத்தில் இரண்டு 140 மீற்றர்தான் தள்ளி நிற்குது. அதில் எதை விடுவது?

---

நீர்க்காகம் எழுதியது:

நிழலான இடம் ஒன்று, வெளியான இடம் ஒன்று என்றால், மற்றைய மூன்றிலும் எது குறைவோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்க. இரண்டும் ஒரே மாதிரி என்றால் நடக்கத் தூரமானதை விடுங்க, மாரியில் போகாமல் விடப்போவது அதைத்தான்.